குருதி அழுத்தமும் சர்ப்பகந்தி வேரும்

நாட்டு மூலிகைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம் விடுதியில் உடனே இரண்டு கட்சிகள் எழுந்துவிடும். "நம் முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை; மேனாட்டார் நம்மிடமிருந்து எடுத்துச் சென்றதே எல்லாம்" என்பது ஒரு கட்சி. "வேரும் பொடியும் பாட்டி வைத்தியம், சோதனைக் குழாயில் பிறவாத மருந்து மருந்தே அன்று" என்பது மற்றொரு கட்சி. சாம்பார் ஆறும் வரை வாதம் நடக்கும். ஆனால் எவரும் ஒரு செடியின் பெயரைச் சொல்லி, அது உடலுக்குள் சென்று என்னதான் செய்கிறது என்று கேட்பதில்லை. ஆதலின் நான் இக்கட்டுரையில் ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்கிறேன். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் உரிய மருந்தாக இந்திய மண்ணிலிருந்து புறப்பட்டு, உலகத்து மருத்துவமனைகளில் எல்லாம் சோதிக்கப்பட்டுத் தேறிய செடி அது. பெயர் சர்ப்பகந்தி.

அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது இச்செடி. ஒரு முழம், இரண்டு முழம் உயரமே வளரும். கணுவுக்கு மூன்று இலைகளாக வட்டமிட்டு நிற்கும். பூவிதழ் வெளுப்பு, காம்பு சிவப்பு. பழுத்த கனி கருநீலம். இமயமலை அடிவாரத்திலும், பீகார், அஸ்ஸாம் காடுகளிலும், நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மர நிழலில் முளைக்கும். வேர் வளைந்து நெளிந்திருக்கும். வாயில் வைத்தால் கடுங்கசப்பு. தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ராவுல்பியா செர்ப்பென்டினா. ராவுல்ப் என்பவர் 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த வைத்தியர். மேற்காசிய நாடுகளில் மூலிகை தேடி அலைந்தவரே தவிர, இந்தச் செடியை அவர் கண்ணாலும் கண்டதில்லை. புளூமியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அவர் நினைவாக ஒரு செடியினத்துக்குப் பெயரிட்டார். நம் சர்ப்பகந்தியும் அந்த இனத்தில் போய்ச் சேர்ந்தது. பெயர் வைப்பதில் உலகம் எப்போதும் நியாயமாக நடந்துகொள்வதில்லை.

பீகார்க் கிராமங்களில் இதற்கு வழங்கும் பெயர் இன்னும் தெளிவானது. "பாகல் கீ தவா" என்பர். பைத்தியத்துக்கு மருந்து என்பது பொருள். வெறி கொண்டு ஆடுவோரை அடக்க இவ்வேரை அரைத்துக் கொடுத்தனர். அழும் குழந்தையைத் தூங்கவைக்கவும் ஏழைத் தாய்மார் சிலர் இதைப் பயன்படுத்தியதுண்டு. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கொடுத்தனர். நாகத்தோடு போரிடப் புகும் கீரி முதலில் இந்த இலையைத் தின்றுவிட்டுப் போகும் என்ற கதையும் உண்டு. கதையைக் கதையாகவே விட்டுவிடுவோம். பாம்பு நஞ்சுக்கு இது மாற்று அன்று. கடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே வழி.

இங்கே நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன பட்டியலில் "இரத்தக் கொதிப்பு" என்ற சொல்லே இல்லை. இருக்கவும் முடியாது. இரத்த அழுத்தம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலோருக்கு வலியும் தருவதில்லை. இத்தாலியரான ரீவா-ரோச்சி 1896-ஆம் ஆண்டில் கையைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பையை அமைத்தார். ரஷ்யரான கொரோட்கோவ் 1905-ஆம் ஆண்டில், அப்பையைத் தளர்த்தும்போது முழங்கை மடிப்பில் கேட்கும் ஓசையைக் கொண்டு மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் அளக்கக் காட்டினார். அதற்கு முன் இந்நோயை அளந்தறிய வைத்தியர் கையில் எளிய கருவி இல்லை. அளக்க முடியாத நோய்க்கு மருந்து எது என்று எப்படித் தீர்மானிப்பது? ஆகவே "இரத்த அழுத்தத்துக்கு மருந்தை நம் முன்னோர் அன்றே கண்டனர்" என்பது உண்மையை மீறிய புகழ்ச்சி. அவர்கள் கண்டது கொந்தளிக்கும் மனிதனை அடக்கும் ஒரு வேர். அந்தக் குறிப்பே பெரிய செல்வம். அதையும் காற்றுப்பையையும் ஒன்று சேர்த்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டு இந்தியர்கள்.

அதுவும் ஒரே ஆண்டில், இரண்டு நகரங்களில் நிகழ்ந்தது. 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பைத்தியத்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் புதிய இந்திய மருந்து என்று அவர்கள் சர்ப்பகந்தியை அறிமுகப்படுத்தினர். கணநாத் சேன் ஆயுர்வேதத்தில் கரைகண்டவர். மேனாட்டு மருத்துவப் பட்டமும் பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் பிள்ளையான ஒருவர் கண்ணில்தான் இது பட்டிருக்கிறது என்பது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

மற்றொரு நகரம் நம் தில்லி. காப்பிப்பொடியும் அப்பளமும் வாங்கக் கரோல்பாகுக்குப் போகும் நம்மவர்கள் அஜ்மல்கான் சாலையில் எத்தனை முறை நடந்திருப்போம்! அந்த ஹக்கீம் அஜ்மல்கான் முயற்சியால் எழுந்து, 1921-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்துவைத்த ஆயுர்வேத-யூனானி திப்பியாக் கல்லூரி கரோல்பாகில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் இரசாயனம் பயின்று திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திகீ அங்கே ஆராய்ச்சி தொடங்கினார். 1931-இல் அவரும் ரபாத் ஹுசைன் சித்திகீயும் சர்ப்பகந்தி வேரிலிருந்து பல அல்கலாய்டுகளைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். (அல்கலாய்டு என்பது செடிகளில் காணும், நைட்ரஜன் அடங்கிய காரப் பொருள், நம் கலைச்சொல் அகராதியார் காரப்போலி என்பர். காப்பியில் உள்ள காபீனும் அந்தச் சாதியே.) அவற்றுள் ஒன்றுக்குக் கல்லூரியை நிறுவியவர் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். சித்திகீ தேர்ந்த ஓவியரும் ஆவார். பின்னாளில் 1951-இல் பாகிஸ்தான் சென்று அந்நாட்டு விஞ்ஞானத்துக்குத் தூணாக விளங்கினார். அஜ்மலின் இரத்த அழுத்தத்துக்கு உரிய சத்து அன்று; தாறுமாறான இதயத் துடிப்பைச் சீராக்குவது. திடீர் மரணம் விளைக்கும் புருகாடா நோய் என்ற பிறவிக் கோளாறு ஒருவரிடம் ஒளிந்திருக்கிறதா என்று அறிய இன்றும் மருத்துவர் சிலர் அஜ்மலினைச் செலுத்திச் சோதிக்கின்றனர். கரோல்பாகில் பெயர் பெற்ற பொருள் ஒன்று உலகத்து இதயநோய் நிலையங்களில் இன்னும் உழைக்கிறது.

1933-இல் கல்கத்தா வெப்பநாட்டு நோய்ப் பள்ளியில் சோப்ரா குழுவினர் விலங்குகளிடம் இவ்வேரின் செயலை ஆராய்ந்தனர். 1934-இல் ஹிமாலயா நிறுவனத்தார் இதை மாத்திரையாக்கி 'சர்ப்பினா' என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். ஆயினும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தது 1949-ஆம் ஆண்டில். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் அழுத்த நோயாளர் 50 பேருக்கு வேரைக் கொடுத்து, வாரந்தோறும் அளந்த கணக்கைப் பிரிட்டிஷ் இதயநோய்ச் சஞ்சிகையில் வெளியிட்டார். பெரும்பாலோருக்கு அழுத்தம் இறங்கியிருந்தது. அதைப் படித்த பாஸ்டன் மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸ் வேரைத் தருவித்துத் தம் நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, அது உண்மையே என்றார். 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இனி இரசாயனப் பகுதி. நான் இரசாயன மாணவனாதலால் இதில் சற்று நின்று போக அனுமதி வேண்டுகிறேன். சித்திகீ பிரித்த படிகங்களுள் சில வலிய காரங்கள். அமிலத்தில் எளிதாகக் கரையும், பிரிப்பது எளிது. ஆனால் அமைதி தரும் சத்து எஞ்சிய தார் போன்ற பிசினில் ஒளிந்து கிடந்தது. அது வலிமை குன்றிய காரம். வழக்கமான வலையில் அகப்படாமல் நழுவிவிடும். 1952-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனியின் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவர் அந்தப் பிசினைத் துழாவி ரிசர்பின் என்ற வெண்ணிறப் படிகத்தை எடுத்தனர். 33 கார்பன் அணுக்கள் கொண்ட சிக்கலான மூலக்கூறு அது. நான்கே ஆண்டுகளில், 1956-இல், ஹார்வர்டின் உட்வர்ட் அதைச் சோதனைச் சாலையில் அடியிலிருந்து கட்டிக் காட்டினார். அந்தத் தொகுப்பு முறையைப் படிக்கும்போது ஒரு கோபுரம் எழுவதைப் பார்ப்பது போலிருக்கும். தேர்வில் அதை எழுதச் சொன்னால் மட்டும் வேறுவிதமாகத் தோன்றும்.

ரிசர்பின் உடலில் என்ன செய்கிறது? நம் இரத்தக் குழாய்களின் சுவரில் நரம்பு முனைகள் வந்து முடிகின்றன. அவற்றில் நோரட்ரினலின் என்னும் பொருள் சிறு சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பு கட்டளையிட்டதும் பை திறந்து பொருள் வெளிப்படும், குழாய் சுருங்கும், இதயம் வேகமாக அடிக்கும், அழுத்தம் ஏறும். இந்தப் பைகளை நம் ஊர் நெற்குதிர்களாகப் பாவித்துக்கொள்ளுங்கள். ரிசர்பின் போய்க் குதிரின் வாயை அடைத்துவிடுகிறது. புது நெல் உள்ளே போக வழியில்லை. வெளியே முற்றத்தில் கிடக்கும் நெல்லை எலி தின்றுவிடும். இங்கே எலியின் வேலையைச் செய்வது ஒரு நொதி. ஏற்கெனவே உள்ளே இருந்ததும் மெல்லக் கசிந்து ஒழிகிறது. சில நாட்களில் குதிர் காலி. அதன்பின் நரம்பு எவ்வளவு கூவினாலும் வெளிவர ஒன்றுமில்லை. குழாய் தளர்கிறது, இதயம் மெதுவாக அடிக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. மருந்து உடனே வேலை செய்யாமல் நாட்கள் எடுத்துக்கொள்வதும், நிறுத்திய பிறகும் அதன் விளைவு வெகு நாள் நீடிப்பதும் இதனால்தான்.

குதிர்கள் இரத்தக் குழாயில் மட்டும் இல்லையே! மூளையிலும் உண்டு. அங்கே செரோட்டோனின், டோபமின் ஆகியவையும் காலியாகின்றன. பீகார்க் கிராமத்தான் கண்ட அமைதி இதுவே. 1950-களில் மனநோய் மருத்துவமனைகளிலும் ரிசர்பின் பெருமளவில் வழங்கப்பட்டது. பிறகு, மிகுந்த அளவில் உண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வுக்கு உள்ளாயினர் என்ற செய்தி வந்தது. அக்கருத்து மிகைப்படுத்தப்பட்டது என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் கூறுகின்றனர். எனினும் மனச்சோர்வு உள்ளவருக்கு இதைக் கொடுக்கலாகாது என்ற விதி நிற்கிறது. 1957-இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் ரிசர்பின் ஊட்டப்பட்டுச் சிலை போல் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார். அவை எழுந்து ஓடின. பார்க்கின்சன் என்னும் நடுக்கு நோய்க்கு மருந்து கிடைத்த வழி அது. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த எல்-டோபா நம் பூனைக்காலி விதையில் இயற்கையாகவே நிறைந்திருக்கிறது என்பதை, முதற் கட்சி நண்பர்கள் மகிழ்வதற்காகச் சொல்லிவைக்கிறேன்.

ஆனால் அழுத்தம் இறங்கினால் ஆயுள் கூடுமா? இந்தக் கேள்விக்கு 1960-கள் வரை உறுதியான விடை இல்லை. வயதானால் அழுத்தம் ஏறுவது இயல்பு, இறக்கினால்தான் கெடுதி என்று சொன்ன பெரிய டாக்டர்களும் இருந்தனர். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவமனைகளில் எட்வர்ட் பிரைஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களை இரு பிரிவாக்கினர். 73 பேருக்கு உண்மை மருந்து. 70 பேருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 1967-இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை உண்டவரில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயத் தளர்ச்சி போன்ற கடுங்கேடுகள் நேர்ந்தன. மருந்துண்டவரில் 2 பேருக்கே நேர்ந்தன. உயர் அழுத்தத்தை மாத்திரையால் இறக்கினால் மனிதர் பிழைப்பர் என்பதற்கு இதுவே முதல் உறுதியான சான்று. அந்த மருந்து மூன்று பொருள்களின் கூட்டு. மூன்றில் ஒன்று ரிசர்பின். காட்டு வேர் ஒன்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கத்தான் செய்கிறது. இரண்டாம் கட்சி நண்பர்கள் இந்த 27-ஐயும் 2-ஐயும் மறவாதிருப்பார்களாக.

இனி முதற் கட்சியாருக்கு. சென்ற கோடை விடுமுறையில் மாயவரத்தில் என் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். அத்தைக்குப் பத்தாண்டுகளாக இரத்த அழுத்தம். டாக்டர் கொடுத்த மாத்திரையை அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய சர்ப்பகந்தி வேர்ப்பொடியைத் தேனில் குழைத்து உண்டு வந்தார். "வேர்தானேப்பா, இங்கிலீஷ் மருந்து மாதிரி உடம்பைக் கெடுக்காது" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். தினம் ஒரு தேக்கரண்டி. பொட்டலத்தில் அளவு ஏதும் அச்சிடப்படவில்லை.

அன்றிரவு கணக்குப் போட்டேன்; நீங்களும் போட்டுப் பாருங்கள். ரிசர்பின் நாளொன்றுக்கு வேண்டிய அளவு ஏறத்தாழ 0.1 முதல் 0.25 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். உலர்ந்த வேரில் ரிசர்பின் சுமார் 0.1 சதவீதம். தேக்கரண்டிப் பொடி 2 கிராம் என்று குறைத்தே வைத்தாலும் அதில் ரிசர்பின் 2 மில்லிகிராம் இருக்கும். தேவைக்குப் பத்து மடங்கு! அதுவும் நிச்சயமன்று. சத்தில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு, வேர்ப்பட்டையில்தான் உள்ளது. பட்டை உதிர்ந்த வேரைப் பொடித்தால் மிகக் குறையும், பட்டையை மட்டும் பொடித்தால் மிகக் கூடும். வளர்ந்த மண்ணும், பிடுங்கிய பருவமும் வேறுபட்டால் அளவும் வேறுபடும். போதாக்குறைக்கு, இதே இனத்து வேறு செடிகளின் வேரையும் சந்தையில் கலந்து விற்பதுண்டு.

அத்தைக்கு மூக்கு ஓயாமல் அடைத்திருந்தது. பகலெல்லாம் சோம்பல். "மனசே சரியில்லை, எதுவும் பிடிக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டார் அதை வயதின் மேல் போட்டனர். மூன்றும் ரிசர்பின் மிகுதியின் குறிகள் என்று பாடப் புத்தகம் சொல்லும். பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் நாடி பார்த்தார், நிமிடத்துக்கு 52. பொடியை நிறுத்தி, அழுத்தத்தை நாள்தோறும் அளந்து, பழைய மாத்திரைக்கு மெல்லத் திருப்பினார். மூக்கடைப்பு முதலில் போயிற்று. மனம் தெளிய மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. குதிர்கள் மீண்டும் நிரம்ப வேண்டுமல்லவா?

ஊரில் பெற்றோரும் தாத்தா பாட்டியும் என்ன உண்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடிதமோ தொலைபேசியோ, அடுத்த முறை பேசும்போது இதையும் கேளுங்கள். பொடி உண்பவராயின், டாக்டரிடம் அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்த்து உண்டால் அழுத்தம் தரைக்கு இறங்கி மயங்கி விழவும் கூடும். மனச்சோர்வோ வயிற்றுப்புண்ணோ உள்ளவருக்கு இது ஆகாது. மருந்தை நிறுத்தி "ஒன்றும் செய்யவில்லையே" என்று மகிழ்பவரிடம், இந்நோய் ஒன்றும் செய்யாதது போல் இருந்துதான் பக்கவாதம் கொண்டுவரும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்று ரிசர்பின் முதல்வரிசை மருந்து அன்று. பக்க விளைவு குறைந்தவை பல வந்துவிட்டன. அவற்றுள் ஒரு வகை பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்தது. 1981-இல் விற்பனைக்கு வந்த காப்டோபிரில் அதன் மூத்த பிள்ளை. பாம்புக்கடிக்குக் கொடுத்த வேர் போய், பாம்பின் நஞ்சு வந்து அதே வேலையைச் செய்கிறது!

"அப்படியானால் மருதம்பட்டை?" என்று கேட்பார்கள். மருத மரத்துப் பட்டையைப் பாலில் காய்ச்சி இதய நோய்க்குக் கொடுப்பது பழைய ஆயுர்வேத முறை. சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை அளித்தன. ஆயின் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், 1967-இல் கண்ட அதே மறைமுறையில், இதயத் தளர்ச்சி நோயாளரிடம் 12 வாரம் சோதித்து 2016-இல் வெளியிட்ட முடிவில், இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் ஆற்றல் உயரக் காணவில்லை. மருதம் பயனற்றது என்று இதனால் தீர்ந்துவிடவில்லை. சர்ப்பகந்தி ஏறிய படியில் அது இன்னும் ஏறவில்லை. நம் மூலிகைகளைத் தேர்வுக்கு அனுப்பும் துணிவு நமக்கு வேண்டும். தேர்வு எழுதாத பிள்ளையை முதல்வன் என்று புகழ்வதில் என்ன பெருமை?

சர்ப்பகந்திக்கு வந்த புகழ் அச்செடிக்கு நன்மை செய்யவில்லை. மருந்து வேரில் இருப்பதால் செடியைப் பிடுங்கத்தான் வேண்டும். 1950-களில் ஏற்றுமதிக்காகக் காடுகளில் தோண்டித் தீர்த்தார்கள். விதையிட்டாலோ பெரும்பாலானவை முளைப்பதில்லை. முளைத்தாலும் வேர் பருக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். 1990-இல் அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. உலகச் சந்தைக்கு வேண்டிய ரிசர்பினில் பெரும்பங்கை இப்போது ஆப்பிரிக்காவில் வளரும் இதன் உறவுச் செடி ஒன்றிலிருந்து எடுக்கிறார்கள். அதன் வேரில் சத்து நம் செடியினும் கூடுதல்.